கோலி இல்லாத வால்வு

என்னுடைய பழைய பெட்ரோல் காரின் அடியில், பின்பக்கத்தில், சைலன்சர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டர்போ மாட்டியிருக்கிறது. ஐந்து வருஷமாக அது சுழலவில்லை. ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக் கொல்லையை ஒட்டிய தகரக் கொட்டகையில் கார் நிற்கிறது. மேலே போர்த்திய துணியில் பூனை வந்து படுத்துவிட்டுப் போகும். வேறு யாரும் அதைத் தொடுவதில்லை.

அந்தக் காரைப் பற்றி நான் ஒரு பொய் சொன்னேன். நீளமான பொய் இல்லை, இரண்டு வாக்கியம். அதனால் ஒரு நல்ல மெக்கானிக்கின் பெயர் இந்தத் தெருவில் கெட்டது. அவர் என் சிநேகிதர். சொல்லப்போனால் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு எனக்குக் கிடைத்த ஒரே சிநேகிதர். அவர் பெயரைச் சரிசெய்ய முடியுமா என்று எழுபத்தைந்து வயதில் முயன்றுகொண்டிருக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் முப்பத்துநான்கு வருஷம் வெப்பப் பொறியியல் நடத்தியவன். டர்போவை எத்தனையோ தடவை கரும்பலகையில் குறுக்குவெட்டாக வரைந்திருக்கிறேன். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும். எஞ்சினுக்குக் கூடுதல் பலம் வரும். கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஆனால் ஓய்வுபெறும் நாள்வரை ஒரு டர்போவைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. கேட்பவர்களிடம் இதைச் சொன்னதுமில்லை.

ஓய்வுபெற்ற மூன்றாம் வருஷம் மனைவி போய்விட்டாள். அதற்குப் பிறகு காலை நேரம் எப்படியோ கழிந்துவிடும். மாலை நாலு மணிக்கு மேல்தான் வீட்டில் இருக்க முடியாது. அந்தச் சமயத்தில் கார் எஞ்சினிலிருந்து எண்ணெய் சொட்ட ஆரம்பித்தது. இரண்டு ஒர்க்‌ஷாப்பில் பார்த்தும் நிற்கவில்லை. மன்னார்புரத்தில் ஒரு பாய் இருக்கிறார், கல்ஃபில் பதினாறு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர், அவரிடம் காட்டுங்கள் என்று யாரோ சொன்னார்கள்.

தகரக் கூரை போட்ட சின்ன ஷெட். பாய்க்கு அப்போது ஐம்பத்தெட்டு வயதிருக்கும். மெலிந்த ஆள், தாடியில் பாதி நரை. அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. வண்டியை வீட்டில் எங்கே, எப்படி நிறுத்துகிறேன் என்று கேட்டார். கொல்லைப்பக்கச் சந்து சரிவானது, மூக்கு மேலே பார்க்க நிறுத்துகிறேன் என்றேன். "அப்ப பின்னாடி ஆயில் சீல்தான். திருப்பி நிறுத்திட்டு நாளைக்கு வாங்க" என்றார். திருப்பி நிறுத்தினேன், பாதி சொட்டு நின்றது. சீலை மாற்றினார், மீதியும் நின்றது. எனக்கு அது பிடித்துப்போனது. மறுநாள் வண்டியில் ஒரு கோளாறும் இல்லாமலே போனேன்.

அப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தேன். நாலரை மணிக்குப் போவேன். ஒரு பழைய கார் சீட்டைத் தரையில் போட்டு வைத்திருந்தார், அதில் உட்கார்ந்துகொள்வேன். அவர் வேலை செய்வார், நான் பேசுவேன். சில சமயம் அவர் பேசுவார். சாயங்கால மக்ரிப் தொழுகைக்கு அவர் கிளம்பும்போது நானும் கிளம்புவேன். என்னை முதலில் சார் என்றார், பிறகு வாத்தியாரே என்றார். என் மூலமாக ஸ்ரீரங்கத்திலிருந்து நாலு குடும்பம் அவரிடம் வண்டி விட ஆரம்பித்தது. அதில் ஒருவர் எங்கள் எதிர் வீட்டுக்காரர், பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். வண்டி நன்றாக ஓடுகிறது என்று அவர் என்னிடம் சொல்லும்போதெல்லாம் என்னையே புகழ்ந்ததுபோல் இருக்கும்.

டர்போவைப் பின்னால் மாட்டும் யோசனை பாய் சொன்ன ஒரு கதையிலிருந்து வந்தது. அவர் வேலை பார்த்த ஊரில் மணல்மேட்டில் ஏற்றுவதற்காகப் பெரிய வண்டிகளுக்கு டர்போ மாட்டுவார்களாம். எஞ்சின் பக்கத்தில் இடமில்லாவிட்டால் வண்டியின் வாலில், சைலன்சரை எடுத்துவிட்டு, அங்கே பொருத்துவார்களாம். என் காரிலும் எஞ்சின் பக்கத்தில் கைவிட இடமில்லை. நாமும் செய்து பார்க்கலாம் என்று நான் ஆரம்பித்தேன். ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிந்தால் வம்பு என்றார். பக்கத்துத் தெரு தாண்டி ஓட்டமாட்டேன் என்றேன். அதிலும் நான் சொல் காப்பாற்றவில்லை.

பின்னால் மாட்டுவதில் காற்றுக்கும் புகைக்கும் பெரிய சிக்கல் இல்லை. எண்ணெய்தான் சிக்கல். நிமிஷத்துக்கு லட்சம் சுற்று சுற்றும் தண்டு அது. எண்ணெயில் மிதந்தால்தான் பிழைக்கும். எஞ்சினிலிருந்து எண்ணெயை ஒரு மெல்லிய ஹோஸில் பின்னால் அனுப்புவது சுலபம், எஞ்சினே தள்ளிவிடும். வேலை முடிந்த எண்ணெய் திரும்பி வர வேண்டும். சாதாரணமாக டர்போ எஞ்சினுக்குப் பக்கத்தில் உயரத்தில் இருக்கும், எண்ணெய் தானாகவே கீழே வடிந்துவிடும். இங்கே டர்போ தரையைத் தொடுகிற மாதிரித் தொங்குகிறது. எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி அதைவிட உயரத்தில், நாலு மீட்டர் முன்னால் இருக்கிறது.

"இதோட வடிகால்தான் பெரிய பிரச்சினை" என்றேன்.

"வடிகாலா? கார்ப்பரேஷன்லேர்ந்து வந்திருக்கீங்களா வாத்தியாரே? ரிட்டன்னு சொல்லுங்க."

அன்றிலிருந்து கேலி செய்ய நினைத்தால் என்னை 'கார்ப்பரேஷன்' என்பார். நான் உள்ளே நுழையும்போதே, கார்ப்பரேஷன் வந்தாச்சு, சாக்கடையை மூடுங்கப்பா என்று பக்கத்து டீக்கடைக்குக் கேட்கிற மாதிரிச் சொல்வார்.

அந்த வேலைக்கு நாலு மாதம் ஆயிற்று. மலைக்கோட்டைக்குக் கீழே சந்து சந்தாக இரும்புக் கடைகளில் அலைந்து பித்தளை முனைகளும் ஹோஸும் வாங்கினோம். கூட்டத்தில் நான் பின்தங்கினால் நின்று காத்திருப்பார். டர்போவுக்கு நேர் கீழே ஒரு சின்ன டப்பா. டர்போவிலிருந்து அந்த டப்பாவுக்கு எண்ணெய் இறங்கும். டப்பாவிலிருந்து ஒரு மின்சாரப் பம்பு உறிஞ்சி முன்னால் எஞ்சினுக்கு அனுப்பும். டப்பாவுக்கு இறங்கும் குழாய் பெருவிரல் அளவு தடிமனாக இருக்க வேண்டும் என்றார் பாய். உள்ளே போகிற ஹோஸ் சுண்டுவிரலைவிடச் சின்னது, அதே எண்ணெய்தானே வெளியே வருகிறது, எதற்கு அவ்வளவு பெரிது என்று கேட்டேன். போகும்போது எண்ணெய் தண்ணீர் மாதிரிப் போகும், வரும்போது நுரையாக வரும், நுரைக்கு இடம் வேண்டும் என்றார். என் பாடக்குறிப்பில் இது இருந்தது. முப்பத்துநான்கு வருஷமாக நானே சொன்னதுதான். ஆனாலும் அவர் சொல்லும்போதுதான் அது ஒரு தகவலாக இல்லாமல் கண்ணில் தெரிந்தது.

அடுத்தது ஒருவழி வால்வு. விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைக் கூடு, உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு இரும்புக் கோலி. எண்ணெய் பின்னால் போகிற ஹோஸில் அதை வைத்தார். எஞ்சின் ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் கோலியைத் தள்ளித் திறக்கும். எஞ்சின் நின்றதும் கோலி வந்து அடைத்துக்கொள்ளும். அது இல்லாவிட்டால் ஹோஸில் மிச்சமிருக்கிற எண்ணெய் எல்லாம் தாழ்வான டர்போவுக்குள் இறங்கிவிடும். டப்பா நிரம்பும், டர்போ நிரம்பும், சீலைத் தாண்டிப் புகைக்குழாய்க்குள் போகும்.

எனக்கு அந்த வால்வு பிடிக்கவில்லை. எஞ்சின் சூடாகி, நின்ற இடத்தில் ஓடும்போது எண்ணெய் இளகி அழுத்தம் குறையும். அப்போது அந்த ஸ்பிரிங் எண்ணெயைத் தடுத்து டர்போவைப் பட்டினி போடும் என்று கணக்குப் போட்டேன். இரண்டு பக்கத்துக்குக் கணக்கு. பாய் அந்தத் தாளை வாங்கி, கையில் கிரீஸ் இருந்ததால் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, கடைசிவரை பார்த்தார். "கணக்கு சரியாத்தான் இருக்கும். ஆனா டர்போவுக்குக் கொஞ்சம் எண்ணெய் போதும் வாத்தியாரே. அதிகமாப் போனாத்தான் வினை" என்று சொல்லி, தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, வால்வை முறுக்கினார்.

கார் ஓடியது. ஓடிய விதத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. காவிரிப் பாலத்தில் ஒரு காலை அதை ஓட்டிப் போனபோது எனக்கு அறுபத்தொன்பது வயது என்பது மறந்துபோனது. வண்டியை நிறுத்தியதும் எண்ணெய்ப் பம்பை மட்டும் தனி ஸ்விட்சில் ஒரு நிமிஷம் ஓடவிட வேண்டும், டப்பா காலியாக வேண்டும் என்று பாய் சொல்லியிருந்தார். அது 'கொர்ர்' என்று பெரிய சத்தம் போடும். பழகிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம், கொட்டகையில் யாருமில்லாதபோது, காருக்கு அடியில் படுத்து அந்த வால்வைக் கழற்றினேன். கோலியையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு வெறும் கூட்டைத் திரும்ப மாட்டினேன். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன். என் கணக்கு சரி என்று எனக்கு நானே காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. வேறு காரணமில்லை.

மறுநாள் காலையே வண்டி கொஞ்சம் புகைத்தது. ஆகவே வண்டியை எடுப்பதற்கு முன்பும் ஒரு நிமிஷம் பம்பை ஓடவிடும் பழக்கத்தை நானே சேர்த்துக்கொண்டேன். ராத்திரி இறங்கிய எண்ணெயை அது உறிஞ்சிவிடும், புகை வராது. அதாவது, என் தவறு எனக்கு மறுநாளே தெரிந்துவிட்டது. கோலியைத் திரும்பப் போடாமல் தவறுக்கு ஒரு மாற்று வழி கண்டுபிடித்தேன். பாயிடம் போனபோது, வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன்.

நான் பொய் சொன்ன அந்த நாள், சாயங்காலம். கடையிலிருந்து திரும்பி உத்திர வீதிக்குள் திரும்பினேன். எதிரே பெருமாள் புறப்பாடு வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் வழக்கம் தெரியும்: வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி நிற்க வேண்டும். அப்படியே செய்தேன். எஞ்சினை அணைத்ததும், பாய் சொன்ன ஒரு நிமிஷத்துக்காகப் பம்பை ஓடவிட்டேன், 'கொர்ர்' என்று ஓடியது. முன்னால் பிரபந்த கோஷ்டி வந்துவிட்டது. பாசுரம் சேவிக்கும் குரலுக்கு நடுவே என் காரின் பின்னாலிருந்து அந்தச் சத்தம். இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். எதிர் வீட்டுக்காரரும் அங்கே நின்றுகொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கையை உள்ளே விட்டு ஸ்விட்சை அணைத்தேன். டப்பாவில் நிறைய எண்ணெய் இருக்கிறது என்று தெரியும். கோலி இல்லை என்றும் தெரியும்.

பெருமாள் மெதுவாகத்தான் எழுந்தருளினார். வீட்டுக்கு வீடு ஆரத்தி. அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை ஹோஸில் இருந்த எண்ணெய் ஒவ்வொரு சொட்டாக இறங்கிக்கொண்டிருந்திருக்கும். நான் கைகூப்பி நின்றேன். பெருமாள் என்னைக் கடந்ததும், பின்னால் வேத பாராயண கோஷ்டி வந்துகொண்டிருக்கும்போதே, தெருக்கோடியில் நின்ற போலீஸ்காரர் என் வண்டி வழியை அடைக்கிறது, எடுங்கள் என்று கையைக் காட்டினார். உட்கார்ந்து சாவியைத் திருகினேன். வண்டியை எடுப்பதற்கு முன் பம்பை ஓட்டும் அந்த ஒரு நிமிஷம் எனக்கு நினைவு வரவில்லை.

அவ்வளவு புகையை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. வெள்ளையும் நீலமுமாக, கருகிய எண்ணெய் நாற்றத்தோடு, தரையோடு தரையாகக் கிளம்பி, கோஷ்டியின் மேல் ஏறியது. முதலில் இருமல் கேட்டது. பிறகு பாராயணம் நின்றது. நடுவில் நிறுத்தக்கூடாத ஒன்று அது. வயதான ஒருவரைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் ஒரு வீட்டுப் படியில் உட்காரவைத்தார்கள். அவருக்கு மூச்சிரைப்பு. யாரோ சொம்பில் தண்ணீர் கொண்டு ஓடினார்கள். எஞ்சினை அணைத்துவிட்டு நான் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

எதிர் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவரோடு ஐந்தாறு பேர். "என்ன ஸார் இது? யார் பண்ணின வேலை?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "மன்னார்புரத்துல அந்த பாய் பண்ணினதுதான். எதையோ மாத்திட்டான்."

மாத்திட்டார் என்றுகூட வரவில்லை. இரண்டு வருஷத்தில் அவரைப் பற்றி யாரிடமும் நான் அப்படிப் பேசியதில்லை. என்னைவிட வயதில் சின்னவர்தான், இருந்தும் மரியாதை இல்லாமல் ஒரு தடவையும் சொன்னதில்லை. அன்றைக்கு அந்த 'ஆன்' வாயில் தானாக வந்தது. அதைச் சொன்னதும் என்னைச் சுற்றி நின்றவர்களின் முகம் மாறியது. என் மேலிருந்த கோபம் இறங்கியது.

"அவாகிட்ட விட்டா இப்படித்தான். பெருமாள் வர்ற தெருன்னு அவாளுக்கு என்ன தெரியும்?" என்றார் எதிர் வீட்டுக்காரர். அவர் காரும் அப்போது பாயின் ஷெட்டில் சர்வீசுக்கு நின்றுகொண்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. தலையை ஆட்டினேனா என்று பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். ஆட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் காலை அவர் ஒரு டிரைவரை அனுப்பி, பாதி வேலையில் இருந்த தன் காரை எடுத்து வரச்செய்தார். அந்த வாரத்துக்குள் மற்ற மூன்று குடும்பமும் நின்றுவிட்டது. பாய் போன் செய்தார். ஸ்ரீரங்கத்துக்காரர்கள் வரவில்லை, உங்கள் வண்டி ஏதோ புகைத்ததாமே, என்ன ஆச்சு என்று கேட்டார். தெரியவில்லை, பம்பு நின்றிருக்கும் என்றேன். வண்டியைக் கொண்டு வாருங்கள் என்றார். பார்க்கலாம் என்றேன். கொண்டுபோகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரே பைக்கில் வந்துவிட்டார். தெருவில் இரண்டு வாசலில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். அவர் அதைக் கவனிக்காத மாதிரிக் கொல்லைப்பக்கம் போனார். ஒரு சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்தார். பம்பை ஓடவிடச் சொன்னார், ஓடியது. டப்பாவைப் பார்த்தார். பிறகு ஸ்பேனர் கேட்டார், கொடுத்தேன். வால்வைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்து, மூடியைத் திருகி, இடது உள்ளங்கையில் கவிழ்த்தார். எண்ணெய் மட்டும் விழுந்தது.

அவர் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மையில்லை. கேட்காமலே சொல்வதற்கு அவர் எனக்கு நேரம் கொடுத்தார். நான் சொன்னது இதுதான்: "பாய், காபி சாப்பிடறீங்களா?"

"வேண்டாம் வாத்தியாரே. வெயில் ஏறதுக்குள்ள போகணும்."

வால்வைத் திரும்ப மாட்டிவிட்டு, சாக்கை உதறி மடித்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனார். வழக்கமாகப் போயிட்டு வரேன் என்பார். அன்றைக்குத் தலையை மட்டும் அசைத்தார். அதற்குப் பிறகு அவர் போன் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. அந்த வருஷம் ரமலானுக்கு வழக்கமாக வரும் பேரீச்சம்பழப் பெட்டி வரவில்லை. நாலு மணியானால் சட்டையைப் போட்டுக்கொண்டு, பாலம்வரை நடந்து, ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். ஆற்றில் பெரும்பாலும் மணல்தான். பேசுவதற்கு யாருமில்லாமல், மருந்துக் கடையில் மாத்திரையின் பெயரைச் சொல்லும்போது என் குரல் எனக்கே புதிதாக இருந்த நாட்கள் உண்டு.

ஐந்து வருஷம் இப்படிப் போயிற்று. இந்த வருஷம் எங்கள் தெருச் சங்கத்தில், வயதானவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஒரு வேன் வாங்கினார்கள். அதைப் பராமரிக்க ஒரு நல்ல ஒர்க்‌ஷாப் வேண்டும் என்று கூட்டம். புதிதாகக் குடிவந்த ஒருவர், மன்னார்புரத்தில் ஒரு பாய் இருக்கிறார், கே.கே. நகரில் இருக்கும் தன் அண்ணா அவரிடம்தான் விடுகிறார், நேர்மையான மனுஷர் என்றார். எதிர் வீட்டுக்காரர் இப்போது சங்கத் தலைவர். "அந்த பாயா? வேண்டாம். புறப்பாட்டுல கோஷ்டி மேலே புகையை விட்ட ஆசாமி. ஸாரையே கேளுங்கோ" என்று என் பக்கம் திரும்பினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யலாம் என்று ஒத்திவைத்தார்கள். இரண்டாவது தடவையாகவும் நான் பேசாமல் எழுந்து வந்தேன்.

அடுத்த நாள் பஸ் பிடித்து மன்னார்புரம் போனேன். ஷெட் பாதியாகிவிட்டது, மறுபாதியில் ஒரு பஞ்சர் கடை. பாயின் தாடி முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்ததும் நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கோலியை எடுத்தது, பம்பை அணைத்தது, தெருவில் சொன்னது. அவர் ஒரு பிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார், கை நிற்கவில்லை.

"இதை எதுக்கு என்கிட்ட சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே" என்றார்.

மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன்.

"என்கிட்ட கேட்டுட்டா உங்க மனசு லேசாயிடும். என் பேரு அங்க அப்படியேதான கிடக்கும்." பிளக்கை ஊதிவிட்டுக் கீழே வைத்தார். "வண்டி எடுக்க வந்த டிரைவர் சொன்னாரு. மாத்திட்டான்னு சொன்னீங்களாம். வால்வு விஷயத்தைக்கூட மன்னிச்சு விட்டுட்டேன் வாத்தியாரே. அந்த வார்த்தைதான் ரொம்ப நாள் உள்ள கிடந்துச்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எங்கே சொன்னீர்களோ அங்கே சொல்லுங்கள், இங்கே வேண்டாம் என்றார். பஞ்சர் கடைக்காரரிடம் சொல்லி எனக்கு ஒரு டீ வரவழைத்தார். அவர் குடிக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். வகுப்பில் சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னேன். டர்போ எங்கே இருந்தது, எண்ணெய் எப்படிப் போகும், எப்படித் திரும்ப வேண்டும், அந்த வால்வு எதற்கு, அதிலிருந்து யார் எதை எடுத்தது, யார் பம்பை அணைத்தது, யார் பொய் சொன்னது. இருபது நிமிஷம் ஆகியிருக்கும். யாரும் குறுக்கே பேசவில்லை.

எதிர் வீட்டுக்காரர் எழுந்து, "ஸாரோட மனசு யாருக்கு வரும்?" என்றார். "ஒரு ஏழையோட பிழைப்புக்காக, பழியைத் தன் பேர்ல போட்டுக்கறார் பாருங்கோ." பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். இல்லை, நான்தான் செய்தேன் என்று மறுபடி எழுந்தேன். "சரி ஸார், சரி, உக்காருங்கோ" என்று என் தோளைத் தொட்டு உட்காரவைத்தார். வேனைத் திருவானைக்காவல் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுத்தார்கள். கூட்டம் முடிந்து போகும்போது இரண்டு பேர் வந்து என்னைச் சேவித்துவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வந்து பாய்க்குப் போன் செய்தேன். சொல்லிவிட்டேன், யாரும் நம்பவில்லை என்றேன். அந்தப் பக்கம் லாரி போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"அன்னைக்கு ஒரு நிமிஷத்துல நம்பினாங்கல்ல?" என்றார்.

தொழுகைக்கு நேரமாயிற்று என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் மறுநாள் நாலரை மணிக்குப் போயிருப்பேன்.

அதிலிருந்து நான் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவரிடம் வண்டி விட்டுக்கொண்டிருந்த நாலு குடும்பத்திடமும் தனித்தனியாகப் போய்ச் சொன்னேன். ஒரு வீட்டில் பானகம் கொடுத்தார்கள். ஒரு வீட்டில், ஸாருக்குத் தனியாக இருந்து இருந்து மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது, அவர் பெண்ணுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று உள்ளே பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. மூச்சிரைத்து உட்கார்ந்த அந்த வயதானவர் இப்போது இல்லை; அவரிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. இப்போதெல்லாம் தெருவில் என்னைப் பார்த்தால் சிலர் எதிர்ப்பக்கமாகப் போகிறார்கள். பேச ஆரம்பித்தால் விடமாட்டேன் என்று பயம். அதுவும் நியாயம்தான்.

போன வாரம் சிலிண்டர் போட வந்தவரிடம் சொன்னேன். அவருக்குப் பாராயணமும் தெரியாது, புறப்பாடும் பெரிதில்லை. சிலிண்டரைச் சமையலறையில் இறக்கிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டார். "அப்ப அவர் நல்லா வேலை பண்ணுவாரா சாமி? என் லோடு ஆட்டோ ஒரு மாசமா எண்ணெய் குடிக்குது" என்றார்.

நன்றாகச் செய்வார், அவரைவிட நன்றாகச் செய்கிற ஆளை நான் பார்த்ததில்லை என்றேன். நம்பரை ஒரு தாளில் எழுதி, பஞ்சர் கடையை அடையாளம் சொல்லிக் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். பாதி வழியில் திரும்பி, நீங்கள் அனுப்பியதாகச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

வேண்டாம், என் பெயரைச் சொல்லாதீர்கள் என்றேன்.